அச்சமும் கவலையும்

அச்சம் உயிர்க்கு இயல்பானது. பாம்பைக் கண்டு விலகுவதும், தேர்வை எண்ணிப் படிப்பதும் அதனால் விளையும் நன்மைகளே. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என்னும் நான்கினின்றும் அது பிறக்கும் என்றார். இந்நான்கும் புறத்தே நிற்பவை. அவை அகன்றால் அச்சமும் அகலும்.

கவலையின் இயல்பு வேறு. அஃது இன்னும் வாராததை எண்ணி எழுவது. மகன் வீடு திரும்பக் காலந்தாழ்ந்தால் தாய் கவலுறுகிறாள். அவன் வந்ததும் அக்கவலை தீர்கிறது. சிலர்க்கோ அது தீர்வதில்லை. மகன் வந்தபின் அவன் உடல்நலத்தைப் பற்றியும், அதன்பின் வீட்டுச் செலவைப் பற்றியும் உள்ளம் அலைகிறது. இவ்வாறு பலவற்றைப் பற்றிய அடக்கவியலாக் கவலை ஆறு திங்களுக்குக் குறையாமல் பெரும்பாலான நாள்களில் நீடித்து, உறக்கமின்மை, களைப்பு, தசையிறுக்கம், எரிச்சல், மனம் ஒன்றாமை ஆகியவற்றோடு கூடி, அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், மருத்துவர் அதனைப் ‘பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு’ என்பர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக வகுத்தது.

இந்நோய் கோழைமை அன்று. இதனால் வருந்துவாரை நோக்கித் ‘துணிவோடு இரு’ என்று மட்டும் கூறுதல், காய்ச்சலுற்றவனை நோக்கி ‘உடல் குளிர்ந்திரு’ என்று கூறுவது போலாம்.

கவலையை விரட்ட விரட்ட, அது மீண்டும் வரும். ஆதலின் அதற்கு எல்லை வகுத்தல் நன்று. போர்க்கோவெக் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் துணைவரும் 1983-இல் எளிய முறை ஒன்றை ஆராய்ந்து வெளியிட்டனர். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரைமணி நேரத்தைக் கவலைக்கென ஒதுக்குதல் வேண்டும். பிற வேளைகளில் எழும் கவலையை அவ்வேளைக்குத் தள்ளிவைத்துவிட்டுச் செய்யும் தொழிலில் கருத்தூன்றுதல் வேண்டும். குறித்த வேளையில் அமர்ந்து, தீர்க்கக்கூடியவற்றிற்கு வழி தேடுதல் வேண்டும். உடலுக்கும் பயிற்சி உண்டு. ஜேகப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், தசைகளை ஒவ்வொரு பகுதியாக இறுக்கித் தளர்த்தும் முறையை 1929-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். உடலின் இறுக்கம் நெகிழ, உள்ளமும் அமைதியுறும்.

இவற்றால் துன்பம் தணியாதாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும். எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் உளச்சிகிச்சையும், வேண்டுமிடத்து மருந்தும் நற்பயன் தரும். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிப் பணியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

பிறர் எள்ளுவர் என்று அஞ்சியே பலர் இந்நோயை மறைக்கின்றனர். மறைக்க மறைக்க, அது வளரும். அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, மருத்துவரிடம் உடன் செல்வதே சுற்றத்தாரின் கடமையாகும்.