குறி ஏன் தவறியது?

மாணவர்களே, துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கி நேற்றுவரை சரியாகக் குறி காட்டியது. இன்று குண்டுகள் விலகிப் பாய்கின்றன. அனுபவமுள்ள பயிற்றுநர் உடனே அதன் குமிழைத் திருகமாட்டார். இலக்கு அட்டையில் ஐந்து முறை சுட்டு, துளைகளைக் கவனிப்பார்.

துளைகள் நெருக்கமாக, ஆனால் நடுவிலிருந்து தள்ளி இருந்தால் அது முறையான பிழை: தொலைநோக்கி திசைமாறி நிலைத்துவிட்டது. துளைகள் சிதறியிருந்தால் அது ஒழுங்கற்ற பிழை: திருகாணி தளர்ந்து ஏதோ ஆடக்கூடும். அப்போது குமிழைத் திருகினால் பயனில்லை.

சிறு அசைவே போதும். 100 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளில் ஒன்று 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால், 100 மீட்டர் தூரத்தில் குறி 10 சென்டிமீட்டர் விலகும். காரணம், வடிவொத்த முக்கோணங்கள்.

முதலில் திருகாணிகள், அடுத்து குண்டின் வகை, கடைசியாகத் தொலைநோக்கி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஆய்வகத்திலும் இதுவே விதி.

சிந்திக்க: 50 மீட்டரில் விலகல் எவ்வளவு?