நேர்முகத் தேர்வுக்குப் பிறகு நாலு வரி



பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது துணி தேய்ப்பதிலிருந்து சான்றிதழ் ஜெராக்ஸ் எடுப்பது வரை நாம்தான் ஓடுகிறோம். திரும்பி வந்ததும் "என்ன கேட்டாங்க?" என்று விசாரிப்பதோடு விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தேர்வு செய்தவருக்கு நாலு வரியில் நன்றி எழுதி அனுப்ப வேண்டும்.

"வேலையே இன்னும் கொடுக்கலை, அதுக்குள்ள எதுக்கு நன்றி?" என்று கேட்கத் தோன்றும். அவர் நமக்காக ஒதுக்கிய நேரத்துக்குத்தான் நன்றி. இது கெஞ்சுவதும் ஆகாது. "வீட்டுல கஷ்டம், எப்படியாவது வேலை போட்டுக் கொடுங்க" என்று எழுதினால்தான் அது கெஞ்சல்.

நம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குக் கணக்காளர் எடுக்கும்போது கேள்வி கேட்பது நாம்தானே? ஒரே நாளில் பத்துப் பேரிடம் பேசினால், சாயங்காலம் யார் என்ன சொன்னார்கள் என்பதே குழம்பிப் போகும். அப்போது ஒருத்தியிடமிருந்து தெளிவாக நாலு வரி வந்தால் அவள் முகம் ஞாபகத்துக்கு வரும். இதனால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. இரண்டு பேர் சமமாக நிற்கும்போது கை கொடுக்கலாம்.

பதற்றத்தில் சொல்ல விட்டுப்போனதைச் சொல்லவும் இது ஒரு வழி. நம் பெண்களுக்கு இது ரொம்பத் தேவை. ஐந்து வருஷம் குழுவின் ரொக்கப் புத்தகமும் பேரேடும் எழுதியிருப்பாள், "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டால் "இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவாள்! அவள் இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். நேற்று காலை கணக்காளர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் பேசியதற்கு நன்றி. முன் அனுபவம் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் மகளிர் குழுவின் ரொக்கப் புத்தகம், பேரேடு இரண்டையும் ஐந்து ஆண்டுகளாக நான் எழுதி வருகிறேன். இதை நேற்று சொல்ல விட்டுவிட்டேன். வாய்ப்புக் கிடைத்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வர முடியும்."

கீழே பெயர், ஊர், போன் நம்பர். இவ்வளவு போதும். இல்லாததை எழுதக் கூடாது. நேர்முகம் தமிழில் நடந்தால் தமிழிலேயே எழுதலாம். யாரிடமோ ஆங்கிலத்தில் எழுதி வாங்கி அனுப்பினால் பிறகு பேசும்போது மாட்டிக்கொள்வோம்.

தபால் அட்டை 50 காசுதான். ஆனால் அது போய்ச் சேருவதற்குள் ஆளே எடுத்து முடித்துவிடுவார்கள். அதனால் கிளம்பும்போதே, "உங்க பேரும், தகவல் அனுப்ப நம்பரோ மெயிலோ கொடுக்க முடியுங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அன்று மாலை அல்லது மறுநாள் காலை அனுப்பிவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம்.

இதெல்லாம் தனியார் கம்பெனி, மருத்துவமனை, பள்ளி, கடை போன்ற இடங்களுக்குத்தான். அரசுப் பணி நேர்முகத்தில் தேர்வுக் குழுவினருக்கு எதுவும் அனுப்பாதீர்கள். சிபாரிசு தேடுவதாக எடுத்துக்கொண்டால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். எந்த இடமானாலும் ஸ்வீட் பாக்ஸ், பழக்கூடை கூடவே கூடாது.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம் பொறுத்து, ஒரே ஒரு முறை போன் செய்து கேட்கலாம். "வேலை உறுதி, முன்பணம் கட்டுங்க" என்று பதில் வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லுங்கள்.