இருபது டாலர் ஓய்வூதியம்

அன்புள்ள தம்பிக்கு,

ஹேரியட் டப்மன் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களை அவர் இரவோடு இரவாக அழைத்துச் சென்ற பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் நீயும் முடித்துவிட்டாயே! அப்போது அவருக்கு வயது நாற்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். 1913 மார்ச் 10 வரை வாழ்ந்தவர் அவர். 48 ஆண்டுகளைப் பாடநூல்கள் விழுங்குவதே எனக்குத் தீராத எரிச்சல். நீயும் சேர்ந்துகொள்ளாதே. 300 பேரை மீட்டார் என்ற பழைய கணக்கையும் அடித்துவிடு. ஏறத்தாழ 13 பயணங்கள், 70 பேர் என்பதுதான் ஆய்வாளர்கள் கண்டது.

அவர் செவிலி. 1862இல் தென் கரோலினாவின் போர்ட் ராயலுக்குப் போனவர், வயிற்றுக்கடுப்பில் விழுந்த வீரர்களுக்கு வேர்களை அவித்துக் கஷாயம் கொடுத்தார். அவருக்கு இராணுவம் கொடுத்த உணவுப் பங்கைச் சலுகை என்று விடுதலை பெற்ற மக்களே முணுமுணுத்தபோது, அதை வேண்டாமென்று விட்டார். பகலெல்லாம் நோயாளிகளோடு இருந்துவிட்டு, இரவில் இஞ்சி ரொட்டியும் ரூட் பீரும் செய்து, விற்ற காசில் வாழ்ந்தார். சாரா பிராட்ஃபோர்ட் 1869இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றை எப்போது எடுத்தாலும், அதில் சேர்த்திருக்கும் கடிதங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். டப்மன் நோயாளிகளிடம் காட்டிய பரிவுக்கு இராணுவ மருத்துவர் டியூரன்ட் 1864இல் கொடுத்த சான்று அங்கே இருக்கிறது.

இனி ஓய்வூதியம். இதைக் கவனமாகப் படி. மூன்றாண்டுப் பணிக்கு 1,800 டாலர் தர வேண்டும் என்று அவர் கேட்டார். செவிலியாகவும் சமையற்காரராகவும் ஒற்றர் குழுவின் தலைவியாகவும் உழைத்ததற்கான தொகை அது. கிடைக்கவில்லை. 1869இல் மணந்த நெல்சன் டேவிஸ் போர் வீரர். 1888இல் அவர் இறந்தார். அவருடைய விதவை என்ற முறையில் 1895இல் மாதம் 8 டாலர் அனுமதிக்கப்பட்டது. தன் உழைப்புக்கு அல்ல, கணவருடைய உழைப்புக்கு! 1899இல் காங்கிரஸ் மறுபடி கணக்குப் பார்த்தது. பிரதிநிதிகள் அவை 25 டாலர் என்றது. செனட் அதை 20 ஆகக் குறைத்தது. கூடுதலாகக் கிடைத்ததும் செவிலிப் பணிக்கானது. 1863 ஜூனில் கம்பாகி ஆற்றுத் தாக்குதலுக்கு வழிகாட்டி, 700க்கு மேற்பட்டோர் விடுதலையாகக் காரணமானவருக்கு அரசு மனமிரங்கிய வழி இது. குறைத்த 5 டாலரைப் பிற்காலத்தில் கணக்கிட்டு, 2003இல் காங்கிரஸ் 11,750 டாலரை அவருடைய ஆபர்ன் இல்லத்துக்கு ஒதுக்கியது. இறந்து தொண்ணூறு ஆண்டுக்குப் பின்!

ஆபர்ன் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறது. அந்த வீட்டில் வயதான பெற்றோரும் போக்கிடமற்றவர்களும் இருந்தார்கள். 1874இல் அவரும் டேவிஸும் கெர்ட்டி என்ற பெண்குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அவரைத் தாய் என்று எழுத உன் கட்டுரையில் ஒரு வரியாவது வேண்டாமா?

ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சீயோன் திருச்சபையில் ஊறியவர் அவர். முதியோர் இல்லம் கட்ட வேண்டும் என்று 1896இல் 25 ஏக்கரை ஏலத்தில் எடுத்தார். கடன் சுமக்க முடியாமல் 1903இல் நிலத்தைத் திருச்சபைக்கே எழுதிக்கொடுத்தார். இல்லம் 1908இல் திறந்தது. ஆனால் உள்ளே சேர 100 டாலர் கட்ட வேண்டும் என்று சபை விதித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. கையில் காசே இல்லாதவர்தான் இங்கே சேரலாம் என்பதே தான் விரும்பிய விதி என்று வெளிப்படையாகச் சொன்னார். தான் நேசித்த சபையையே அவர் இப்படிக் கேட்டதால்தான் எனக்கு அவரை இன்னும் பிடிக்கிறது. 1911இல் உடல் தளர்ந்து அதே இல்லத்தில் சேர்ந்தார்; இரண்டாண்டுக்குப் பின் நிமோனியாவில் அங்கேயே இறந்தார்.

கேட் கிளிஃபோர்ட் லார்சன் 2004இல் எழுதிய வரலாற்றைத் தேடிப் பிடி. போருக்குப் பிந்தைய அத்தியாயங்களை முதலில் படித்துவிட்டுக் கட்டுரையைத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்