முன்வண்டில்: இழுக்கும் உயிருக்கு ஏற்ற வண்டி



1788ஆம் ஆண்டில் சிட்னியில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியபோது, வண்டி இழுப்பதற்குப் போதிய எருதுகளோ குதிரைகளோ அங்கு இருக்கவில்லை. சூளையிலிருந்து செங்கல் ஏற்றிவந்த வண்டிகளைக் கைதிகளே இழுத்தனர். ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு பேர்! பாரத்தின் கொடுமையை அவர்கள் தம் தோள்களாலேயே அறிந்தனர். மனிதன் தன் நோவை வாய்விட்டுச் சொல்வான், விலங்கு சொல்லாது. ஆகையால் வண்டி செய்பவன் சுமையை அளப்பதற்கு முன், அதனை இழுக்கும் உயிரை அளத்தல் வேண்டும். இவ்வுண்மையை விளக்க, ‘முன்வண்டில்’ என்று நாம் பெயரிடத்தக்க எளிய வண்டியொன்றைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முன்வண்டில் என்பது யாது?

காலப்போக்கில் எருதுகளும் பெருங்குதிரைகளும் இந்நாட்டின் பாரங்களைச் சுமந்தன. மெல்பேர்ணிலிருந்து தங்கவயல்களை நோக்கி 1854இல் ஓடத் தொடங்கிய ‘கொப் அன்ட் கோ’ நிறுவனத்தின் குதிரை வண்டிகள் 1924வரை ஓடின. உழவு இயந்திரம் பெருகியபின் குதிரைகள் வயல்களைவிட்டு நீங்கின. எனினும், கிளைட்ஸ்டேல் முதலிய பெருங்குதிரைகளைப் பேணி வேலை வாங்குவோர் இன்றும் உளர். பலாறற் நகரிலுள்ள சொவறின் ஹில் அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் அத்தகைய குதிரைகள் வண்டி இழுப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இக்காலப் பண்ணைக் கருவிகள் உழவு இயந்திரத்தின் பின்னே கொளுவுவதற்கென்று செய்யப்பட்டவை. அவற்றுக்கு ஏர்க்கால் இல்லை. சாரதி அமர இருக்கையும் இல்லை. குதிரைக்கும் கருவிக்கும் இடையே பாலமாக அமைவதே முன்வண்டில். இரண்டு சில்லுகள், ஓர் அச்சு, ஓர் இருக்கை, முன்னே நீண்ட ஏர்க்கால், பின்னே ஒரு கொளுக்கி என்பனவே அதன் உறுப்புகள். அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் உழவர்கள் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். பழைய மோட்டார் காரின் அச்சையும் சில்லுகளையும் கொண்டு, வீட்டுப் பட்டறையிலேயே இதனைச் செய்துகொள்வோரும் பலர்.

எருதும் குதிரையும்

நமது ஊர் மாட்டு வண்டிலில் நுகம் எருதுகளின் கழுத்தில், திமிலுக்கு முன்பாக அமர்கிறது. எருது நுகத்தைத் தள்ள, நுகம் ஏர்க்காலை இழுக்க, வண்டில் நகர்கிறது. குதிரைக்குத் திமில் இல்லை. கழுத்தில் வாரிட்டு இழுக்கச் செய்தால் அதன் மூச்சு முட்டும். எனவே பஞ்சோ வைக்கோலோ திணித்த தோல் வளையமொன்றை அதன் தோள்களிற் பொருந்துமாறு மாட்டுவர். அவ்வளையத்தின் இருபுறமிருந்தும் செல்லும் இழுவைச் சங்கிலிகளே பாரத்தை இழுக்கின்றன. குதிரைகளின் முன்னுள்ள நுகத்தடி இழுப்பதில்லை; ஏர்க்காலைத் தாங்கவும், வண்டியைத் திருப்பவும், நிறுத்தவுமே அது உதவுகின்றது.

முதல் விதி: சமநிலை

‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்பன வண்டிக்காரர் அறிந்த சொற்கள். முன்பாரம் மிகுந்தால் விலங்கின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும். சாரதி பின்புறமாக விழவும் கூடும்.

இதனை ஒரு கணக்கால் அறிவோம். சட்டம் அச்சின்மீது சமநிலையில் உள்ளதெனக் கொள்க. ஏர்க்காலின் எடை 24 கிலோ. அதன் எடைமையம் அச்சுக்கு 1.5 மீற்றர் முன்னே உள்ளது. பெருக்கினால் 36. பின்னே கொளுவிய கருவி, அச்சுக்கு 0.4 மீற்றர் பின்னால் 90 கிலோ பாரத்தை ஏற்றுகிறது. இதுவும் 36. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

இப்போது 75 கிலோ எடையுள்ள சாரதி, அச்சுக்கு 0.4 மீற்றர் முன்னே அமர்கிறார். பெருக்கினால் 30. நுகத்தடி அச்சிலிருந்து 3 மீற்றர் தூரத்தில் இருப்பின், அங்கு இறங்கும் பாரம் 10 கிலோ. குதிரை ஒன்றுக்கு 5 கிலோ. அதே சாரதி 0.4 மீற்றர் பின்னே அமர்ந்தால், அந்த 10 கிலோ விசை ஏர்க்காலை மேலே தூக்கும். முன்னே அமர்ந்தபடியே கருவியை மட்டும் கழற்றிவிட்டால், முன்பாரம் 22 கிலோவாக உயரும். இதனாலன்றோ இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியதாக அமைப்பது நன்று!

இரண்டாம் விதி: பங்கீடு

இரு குதிரைகளின் சங்கிலிகளும், நடுவில் ஆணியிற் சுழலும் ஒரு குறுக்குக்கட்டையின் இரு முனைகளில் இணைக்கப்படும். ஆணி சரிநடுவில் இருப்பின் இரண்டும் சமமாக இழுக்கும். ஒரு மீற்றர் நீளக் கட்டையில் ஆணியைச் சற்று நகர்த்தி, ஒரு பக்கம் 55 சென்ரிமீற்றரும் மறுபக்கம் 45 சென்ரிமீற்றருமாக வைத்தால், நீண்ட பக்கத்துக் குதிரை நூற்றில் 45 பங்கையே இழுக்கும். இளங்குதிரையையோ முதிய குதிரையையோ அப்பக்கத்திற் பூட்டுதல் முறையாகும். வலியவருக்கும் மெலியவருக்கும் ஒரே சுமை நீதியன்று என்பதை ஒரு மரக்கட்டை நமக்குக் கற்பிக்கின்றது.

மூன்றாம் விதி: நிறுத்தம்

ஓடும் வண்டியைக் காட்டிலும் நிற்காத வண்டியே அஞ்சத்தக்கது. பள்ளத்தில் இறங்கும்போது பாரம் குதிரைகளை முன்தள்ளும். அதனைத் தாங்க, குதிரையின் பின்தொடைகளைச் சுற்றி ஒரு தோல்வார் கட்டப்படும். பழைய காரின் அச்சைப் பயன்படுத்துவோர் அதன் பிறேக்கையும் விட்டுவைத்து, காலால் மிதிக்குமாறு அமைத்துக்கொள்ளலாம். பெரும்பாரம் இழுக்கும் வண்டிக்கு இது மிக இன்றியமையாதது.

சொற்களும் சில்லுகளே

திருவள்ளுவர் பெரிய தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியை உவமையாக்கினார். அளவுக்கு மீறி ஏற்றினால் மயிற்பீலியும் அச்சை முறிக்கும் என்றும் அறிவுறுத்தினார். வண்டியை நன்கறிந்த மக்களிடையே அவர் வாழ்ந்தார். குடம், ஆரக்கால், வட்டை, அச்சாணி, நுகம் ஆகிய சொற்களின் பொருளை அறியாத பிள்ளைக்கு அக்குறள்களின் சுவை பாதியே கிட்டும். நடுவிலுள்ளது குடம், அதிலிருந்து விரிவன ஆரக்கால்கள், அவற்றைச் சூழ்ந்த மரவளைவு வட்டை, சில்லு கழன்று போகாமற் காப்பது அச்சாணி. பெற்றோர்களே, இச்சொற்களை உங்கள் தந்தையரிடம் கேட்டறிந்தீர்கள். உங்கள் பிள்ளைகள் உங்களிடமன்றி வேறு யாரிடம் கேட்பர்?

பயிற்சி

1. மேற்கூறிய கணக்கில், கருவி கொளுவியிருக்க, 60 கிலோ எடையுள்ள சாரதி அச்சுக்கு 0.4 மீற்றர் முன்னே அமர்ந்தால் நுகத்தடியில் இறங்கும் பாரம் எவ்வளவு?

2. எருதின் நுகத்துக்கும் குதிரையின் நுகத்தடிக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று வாக்கியங்களில் எழுதுக.

3. உங்கள் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ அவர்கள் ஊர் வண்டிலைப்பற்றிக் கேட்டு, அதன் உறுப்புகளைப் படமாக வரைந்து, அவர்கள் வழங்கும் பெயர்களையே எழுதுக.