மேசைக்கு வந்த கணிப்பொறி



ஒரு காலத்தில் கணிப்பொறி, குளிரூட்டிய பெரிய அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. 1971இல் நுண்செயலி என்னும் சிறு சில்லு விற்பனைக்கு வந்தது. கணக்கிடும் பகுதி முழுவதும் அதற்குள் அடங்கியதால் கணிப்பொறியின் உருவமும் விலையும் குறைந்தன.

இம்மாற்றத்தை நம் நாட்டில் முன்னதாகவே உணர்ந்தவர்களுள் ஒருவர் சிவ் நாடார். 1945இல் திருச்செந்தூர் அருகே சிற்றூரில் பிறந்தவர்; கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்றவர். டெல்லியில் பார்த்த வேலையை விட்டு, நண்பர்களுடன் சேர்ந்து முதலில் கால்குலேட்டர் விற்றார். அந்த வருவாயைக் கொண்டு 1976இல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினர். 1978இல் அந்நிறுவனம் தன் முதல் நுண்கணிப்பொறியை வெளியிட்டது. இந்தியருக்குப் பெரும்பங்கு தரச் சொன்ன சட்டத்தை ஏற்காமல் ஐ.பி.எம். அதே ஆண்டில் வெளியேறியது. அந்த இடத்தை உள்நாட்டு நிறுவனங்கள் நிரப்பின. பொறி செய்யவும், பழுது நீக்கவும், நிரல் எழுதவும் நம் இளைஞர்கள் தேவைப்பட்டனர்.

இதில் தங்கவயலுக்கு என்ன பாடம்? நம் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதையே நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன. இன்றும் நம்மவர் பலர் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சிவ் நாடார் படிப்பையும் சிறு விற்பனையையும் கொண்டே தொடங்கினார். பிறரிடம் வேலை தேடுவதோடு, நாமே ஒரு தொழிலைச் சிறிதாகத் தொடங்கவும் முடியும் என்பதே பாடம்.

சிந்திக்க:
1. கணிப்பொறி சிறிதானது எதனால்?
2. எச்.சி.எல்.லுக்கு முதலீடு எப்படிச் சேர்ந்தது?
3. நம் ஊரில் சிறிதாகத் தொடங்கக்கூடிய தொழில் எது?

மூன்றாம் கேள்வியை வீட்டுப் பெரியவர்களுடன் பேசி எழுதுங்கள்.