'மஸ்' என்னும் மரியாதை

நானா யப்பானுக்கு வேலைக்குச் சென்று இரண்டு வருடங்களாகின்றன. சென்ற நோன்புப் பெருநாளன்று அவர் காணொளி அழைப்பில் வந்தபோது, அவரோடு வேலை செய்யும் வயதான யப்பானியர் ஒருவரும் திரையில் தோன்றினார். நான் யப்பான் மொழி படிப்பதை அறிந்து, "யொமிமஸ் க?" (வாசிப்பீர்களா?) என்று கேட்டார். அகராதியில் மனனம் செய்த சொல் கைவசம் இருந்தது. "யொமு" என்றேன் பெருமையோடு. அவர் சிரித்தார், நானாவின் முகம் வாடியது. "பெரியவரோடு அப்படிக் கதைக்கக் கூடாது" என்றார் பிறகு.

தோழிகளே, அகராதியில் இருப்பது வீட்டாரோடும் நெருங்கிய நண்பர்களோடும் பேசும் வடிவம். ஆசிரியர், பெரியவர், புதியவர் ஆகியோரிடம் வினைச்சொல் 'மஸு' என முடிய வேண்டும். ஈற்று உகரம் பேச்சில் பெரும்பாலும் கேட்காது. 'க' சேர்த்தால் வினா. நமது 'ஆ' போல.

வினைகள் மூன்று வகை:

1. ஈற்று உகரம் இகரமாகும்: யொமு (வாசி) – யொமிமஸ், நொமு (குடி) – நொமிமஸ்.

2. ஈற்று 'ரு' நீங்கும்: தபெரு (சாப்பிடு) – தபெமஸ், மிரு (பார்) – மிமஸ். ஆனால் கஎரு (வீடு திரும்பு) இவ்வகை போலத் தோன்றினாலும் முதல் வகையே: கஎரிமஸ்.

3. விதிவிலக்கு இரண்டு: ஸுரு (செய்) – ஷிமஸ், குரு (வா) – கிமஸ்.

இனி முடிவை மட்டும் மாற்றினால் போதும்:

தபெமஸ் – சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன்
தபெமஸென் – சாப்பிடுவதில்லை, சாப்பிடமாட்டேன்
தபெமஷித – சாப்பிட்டேன்
தபெமஸென் தெஷித – சாப்பிடவில்லை

நான், நீ, அவள் என எவருக்கும் இவ்வடிவங்கள் மாறுவதில்லை. நமக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். "வாப்பா வருகிறார்" என்னும்போது நாம் மதிப்பது வாப்பாவை. 'மஸ்' மதிப்பதோ கேட்பவரை. அதனால் ஆசிரியரிடம் "நாய் வருகிறது" என்று சொல்லும்போதும் 'கிமஸ்' என்றே சொல்ல வேண்டும். அந்த மரியாதை நாய்க்கல்ல, ஆசிரியருக்கு.

இதைப் படித்த பிறகுதான் என் பிழையின் கனம் புரிந்தது. என்னைவிட எவ்வளவோ மூத்தவர் எனக்கு 'மஸ்' சொல்லியிருந்தார். நான் அவருக்குச் சொல்லவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளன்று அவர் மீண்டும் திரையில் வந்து அதே கேள்வியைக் கேட்டார். "ஹய், யொமிமஸ்" என்றேன். அவர் தலை தாழ்த்தினார். பக்கத்தில் நின்ற நானா சிரித்தார்.