ஆறு கம்பிகளில் ஒரு குழுவின் ஒலி

பாட்டுத் தொடங்குமுன் எழும் ஒரே ஓர் ஒலி உலகப் புகழ் பெற முடியுமா? முடியும். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் லண்டனில் ஒலிப்பதிவு செய்த ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ என்னும் பாடலே அதற்குச் சான்று. மணியடித்தாற்போல் எழும் அதன் தொடக்கம் சில விநாடிகளே நீடிக்கிறது. ஆயினும் அதில் என்னென்ன சுரங்கள் உள்ளன என்று இசைவாணர்கள் பல்லாண்டுகள் வாதிட்டனர்.

காரணம், அது ஒரு கருவியின் ஒலியன்று. ஜார்ஜ் ஹாரிசன் 12 கம்பிக் கிடாரையும், ஜான் லெனன் 6 கம்பிக் கிடாரையும், பால் மெக்கார்ட்னி பேஸ் கிடாரையும் ஒரே கணத்தில் மீட்டினர். 2004-இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜேசன் பிரவுன், கலந்த ஒலியைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே முறையால் இதனை ஆராய்ந்து, ஜார்ஜ் மார்ட்டினின் பியானோவும் அதில் கலந்துள்ளது என்றார். கணிதம் எங்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்!

நம் பாடகர் குழுவில் இருப்பதோ ஒரே ஒரு கிடார். அதில் இவ்வொலியை எழுப்ப இயலுமா?

முதலில், விட்டுவிடக் கூடாதவை எவை எனக் காண்போம். ஹாரிசன் வாசித்தது எஃப் கார்டு. அதன் உச்சியில் ஜி. அதாவது எஃப், ஏ, சி, ஜி. இதை 2001-இல் அவரே தெரிவித்தார். பேஸ் கிடாரின் சுரம் டி. ஆக ஐந்து சுரங்கள். வழக்கமான சுருதியில், இந்த டி-யை ஐந்தாம் கம்பியின் 5-ஆம் கட்டத்தில் அழுத்த வேண்டும். மற்ற நான்கு சுரங்களுக்கும் நான்கு விரல்கள் போய்விடுகின்றன. ஐந்தாவது விரலுக்கு எங்கே போவது?

இதற்கு வழி உண்டு. மிகத் தடித்த ஆறாம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்குத் தளர்த்துங்கள். நான்காம் கம்பியைத் திறந்து மீட்டி, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இழையும்வரை சரிபாருங்கள். பிறகு விரல்களை வையுங்கள்:

ஆள்காட்டி விரல்: 2-ஆம் கம்பி, 1-ஆம் கட்டம் (சி)
நடுவிரல்: 3-ஆம் கம்பி, 2-ஆம் கட்டம் (ஏ)
மோதிர விரல்: 4-ஆம் கம்பி, 3-ஆம் கட்டம் (எஃப்)
சுண்டுவிரல்: 1-ஆம் கம்பி, 3-ஆம் கட்டம் (ஜி)

ஆறாம் கம்பி திறந்தபடியே டி தரும். ஐந்தாம் கம்பி திறந்தபடி ஏ தரும். அதுவும் இக்கார்டின் சுரமே. ஆறு கம்பிகளையும் ஒரே வீச்சில் மீட்டி, தானே அடங்கும்வரை விட்டுவிடுங்கள். தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் சுருதி சற்று ஏறிவிடும், கவனம் தேவை.

இங்கே ஒரு வியப்பு! எஃப்-ஐ ஷட்ஜமாகக் கொண்டால் ஜி ரிஷபம், ஏ காந்தாரம், சி பஞ்சமம், டி தைவதம். ஸ ரி க ப த! நம் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் ஒருசேர ஒலிக்கின்றன. நாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவதை அவர்கள் ஒரே கணத்தில் அடுக்கினர்.

இன்னும் ஒரு குறை உண்டு. 12 கம்பிக் கிடாரில் கம்பிகள் ஜோடியாக இருக்கும். கீழுள்ள நான்கு ஜோடிகளில் ஒன்றுக்கு மற்றொன்று மேல் ஸ்தாயி. ஆகவே ஹாரிசனின் எஃப், ஏ இரண்டும் மேல் ஸ்தாயியிலும் ஒலித்தன. அந்த மினுமினுப்பு நம் கிடாரில் வராது. ஆனால் அவற்றின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 349, 440 ஹெர்ட்ஸ், பெண்குரலுக்கு எளிதானவை. கிடார் ஒலிக்கும் கணத்தில் ஒரு தோழி எஃப், மற்றொருத்தி ஏ என மெல்ல முனகட்டும்.

தோழியரே, பியானோவும் பேஸ் கிடாரும் இல்லையே என்று ஏங்க வேண்டாம். எதை இழக்கக் கூடாதென அறிந்து, எஞ்சியதைக் குரலால் நிரப்புவோம். அதற்குத் தேவை செவியும் பொறுமையும் உடன்பாடும் தோழியும்தான்.